சிரிச்சிக்கிட்டே கேளு

அத்தைக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டால் சொல்லி முடியாது. எதைக் கண்டால் பயமில்லை என்று கேட்டால் சொல்லிவிடலாம். பாம்பு. "அது பாட்டுக்குப் போவுது. அதுக்கு நம்மகிட்ட என்ன சோலி?" என்பாள். மற்றபடி லிஃப்ட், காஸ் சிலிண்டர், இடி, டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது, ஈரக் கையோடு சுவிட்ச் போடுகிறவர்கள், மாடிப்படியில் ஓடுகிற பிள்ளைகள் எல்லாமே பயம்தான். பயந்துவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டாள். சிலிண்டரை மூடியாச்சா என்று அம்மாவிடம் கேட்பாள். மூடியாச்சு என்பாள் அம்மா. அத்தை தலையை ஆட்டிவிட்டு, தானும் ஒருமுறை போய்த் திருகிப் பார்த்துவிட்டு வருவாள்.

"ஏளா, நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்று அம்மாவுக்குக் கோபம் வரும்.

"பொய் இல்ல மைனி. மனசு கேக்க மாட்டேங்கு."

நாங்கள் அப்போது சாந்த்ராகாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா யார்டில் ஃபிட்டர். அத்தை அவருடைய கடைசித் தங்கை. திருநெல்வேலியில் தாத்தாவும் ஆச்சியும் அடுத்தடுத்துப் போன பிறகு அண்ணனோடு கல்கத்தாவுக்கு வந்துவிட்டவள். மாதத்துக்கு ஒருமுறை நல்லெண்ணெய், புளி, அப்பளம் வாங்க லேக் மார்க்கெட்டுக்குப் போவோம். ஹவுராவில் படகு ஏறி ஆற்றைக் கடந்து, அங்கிருந்து பஸ். படகில் கால் வைத்த நிமிடமே அத்தை கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். "கரை வந்துட்டா மைனி? கரை வந்துட்டா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் படகில் இருக்கிற வங்காளிப் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. ஆனாலும் ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் நான்தான் பெரியவள் என்று எனக்கு இருக்கும்.

இப்படிப்பட்டவள் கடைசியில் வாழப் போன இடம் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு தீவு.

தண்ணீர் பம்ப் விற்கும் ஒரு கம்பெனியில் அத்தை டைப்பிஸ்டாக இருந்தாள். பிறகு எனக்கு மாமாவானவர் அங்கே விற்பனையில் இருந்தார். வங்காளி. தெற்கே, ஆறுகள் கடலோடு கலக்கும் தீவுகளில் ஒன்றில் அவருக்கு வீடும் நிலமும். ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்பா கொஞ்ச காலம் பேசாமல் இருந்து, பிறகு பேசினார். அவர்களும் நகரத்திலேயே இருந்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாமாவின் அப்பா திடீரென்று இறந்துபோக, மூத்த பிள்ளையான அவர் நிலத்தைப் பார்க்கத் திரும்பிப் போனார். அத்தையும் போனாள்.

முதல் முறை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வயல்ல நின்னுட்டு இருக்கேன். ஆத்துல படகு போவுது. நிமிந்து பாக்கேன். என் தலைக்கு மேல போவுதுட்டி."

நான் நம்பவில்லை. பிறகு நேரில் பார்த்தேன். அந்த ஊரில் ஆறு என்பது கடல் உள்ளே வந்து போகும் வழிதான். நாளுக்கு இருமுறை ஏறும், இருமுறை இறங்கும். ஏறும்போது ஆற்றின் மட்டம் வயலைவிட உயர்ந்துவிடும். நடுவில் தடுத்துக்கொண்டு நிற்பது ஒரு மண்கரை. கரைக்கு இந்தப் பக்கம் நெல், குளம், வீடு, மாடு, பிள்ளைகள். அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர், ஆள் உயரத்துக்கு மேலே. கரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் படகின் மேல்பாதி தெரியும்.

"எப்படி அத்தை இங்க இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பயந்துகிட்டுத்தான்" என்றாள்.

அவள் போன சில வருடங்களில் ஒரு புயலில் கரை உடைந்து உப்புத் தண்ணீர் வயலில் ஏறி, நாள்கணக்கில் நின்றது. மழை கழுவிக் கழுவி மண் பழையபடி ஆக ஆண்டுகள் ஆயின. அதிகம் விளையும் புது ரக நெல் எல்லாம் முளையிலேயே கருகியது. ஆண்கள் பாதிப்பேர் வேலை தேடித் தெற்கே ரயில் ஏறினார்கள். அவர்கள் போன இடங்களில் திருப்பூரும் ஒன்று. அதனால் ஊர்ப் பெண்கள் போனைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் வருவார்கள். "பௌதி, அவர் கையில் அடிபட்டிருக்காம், அங்கே இருக்கிற மேஸ்திரிகிட்ட உங்க பாஷையில பேசுங்க." பௌதி என்றால் அண்ணி. அத்தை போனை வாங்கி, அறிமுகமில்லாத ஒரு தமிழ் மேஸ்திரியிடம் "அண்ணாச்சி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சுவாள்.

விவசாயம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடைசிவரை தெரியவில்லை. எப்போது நாற்று விட வேண்டும், எவ்வளவு தண்ணீர் கட்ட வேண்டும் என்பதெல்லாம் மாமாவின் காரியம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பயப்படத்தான். அந்த உப்பு வருடங்களுக்குப் பிறகு ஊர் மெல்ல மெல்ல மாறியபோது, அந்தப் பயம் ஒரு மாதிரி அதோடு சேர்ந்துகொண்டது. உப்பைத் தாங்கும் பழைய நெட்டை நெல்லைத் தேடிக் கொண்டுவந்தார்கள். விளைச்சல் குறைவு, ஆனால் சாகாது. வயலின் ஒரு மூலையில் குளம் வெட்டி, அந்த மண்ணைப் போட்டு மீதி வயலை உயர்த்தினார்கள். மழைத் தண்ணீர் குளத்தில் நிற்கும். உயர்ந்த நிலத்தில் மிளகாய், பூசணி. இதெல்லாம் விவசாய அதிகாரிகள் வந்து சொல்லிக்கொடுத்தது, மாமா மாதிரி நாலு பேர் முதலில் துணிந்து செய்தது. அத்தை செய்தது வேறு. தண்ணீர் வந்தால் எது போகும் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துப் பயந்தாள். கோழி முங்கிவிடும் என்று பயந்து வாத்து வாங்கினாள். அடுப்பு கரையும் என்று பயந்து தூக்கிக்கொண்டு போகிற மாதிரி தகரத்தில் மண் பூசி ஒன்று செய்தாள். கீரையைச் சாக்கில் மண் நிரப்பி, கூரையோரம் பரண் போட்டு அதன்மேல் வளர்த்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வருடம் அவர்கள் வீட்டுக் கூரையோரமும் சாக்கு நின்றது.

விதை நெல் விஷயத்தில்தான் அவள் பயம் எங்கள் வீடு வரை வந்தது. அப்பா ரிட்டயராகி நாங்கள் லேக் மார்க்கெட் பக்கம் இரண்டாம் மாடியில் வாடகைக்கு வந்திருந்தோம். நான் பேங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒவ்வொரு தை மாசமும் அத்தை படகும் ரயிலும் மாறி, இரண்டு பெரிய பிஸ்கட் டின்னோடு வந்து நிற்பாள். உள்ளே நெல், வேப்பிலை. "அங்க எங்க வச்சாலும் தண்ணி எட்டிரும்னு தோணுது மைனி. ஒங்க பரண்ல கெடக்கட்டும்." பழைய டின்னை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போவாள். அம்மா திட்டிக்கொண்டே பரணைத் துடைத்துக் கொடுப்பாள். தூங்கும்போது தலைக்கு மேலே யாரோ ஊர்க்காரர்களின் வயல் கிடக்கிறது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

ஊரில் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வங்காளத்தில் பயத்துக்குச் சொல்லும் வார்த்தை நம் காதில் 'பொய்' என்றுதான் விழும். பொய் பௌதி. பயந்த அண்ணி என்று அர்த்தம். அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்து இருமினார். "ஏட்டி, ஊரே ஒன்ன பொய்க்காரிங்குது!"

பிறகு ஒரு கார்த்திகையில் அந்தப் பெயரே உண்மையாகிவிட்டது.

நெல் பால் பிடித்து முற்றத் தொடங்கியிருந்த சமயம். கடலில் புயல் என்று செய்தி. அத்தை வீடு வீடாகப் போனாள். அறுத்துவிடுங்கள், கிடைத்தவரை போதும், காற்றடித்தால் ஒரு நெல்மணி மிஞ்சாது என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். மாமா இன்னும் பொறுக்கலாம் என்றார். அவள் அழுதாள். அவள் அழுததைப் பார்த்து ஊரில் பெரும்பாலோர் அரைப்பச்சையாக அறுத்துவிட்டார்கள். புயல் ஒடிசா பக்கம் திரும்பிப் போனது. அந்த வாரம் முழுவதும் வெயில். அப்படியொரு நல்ல வெயில். அறுக்காமல் விட்ட இரண்டொருவர் வயலில் நெல் பொன்னாக முற்றி நின்றது. அறுத்தவர்கள் களத்தில் பாதிக்கு மேல் பதர்.

பக்கத்து வீட்டில் மினோதி என்று ஒருத்தி. புருஷன் திருப்பூரில். இங்கே அவளும் படுக்கையில் கிடக்கும் மாமியாரும்தான். அவள் ஒரு கைப்பிடி பதரை எடுத்துவந்து அத்தையின் வாசற்படியில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாளாம். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அத்தை பிறகு எங்களிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் அத்தை வாயை மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் சிலிண்டரைக்கூடத் திருகிப் பார்ப்பதில்லை. அம்மாவே ஒருநாள் பொறுக்க முடியாமல், "போய்ப் பாத்துட்டுத்தான் வாயேன்" என்றாள். "வேண்டாம் மைனி. நான் பயந்து பயந்துதான் எல்லாரையும் கெடுத்தேன்" என்றாள் அத்தை.

ஆனால் பயம் அவளைவிட்டுப் போகவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய கடைசி நாட்களில், இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரோடு லிஃப்டுக்குள் தள்ளியபோது, பேச்சில்லாத அந்த நிலையிலும் என் விரல்களை நொறுங்கும்படி இறுக்கினாள். கதவு திறந்ததும் விட்டாள். அவள் வாயை மூடியிருந்த காலத்திலும் உள்ளே அப்படித்தான் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஊருக்கும் அது தெரிந்திருந்தது. பதரை வாசலில் வைத்த அதே ஊர், வானம் கறுத்தால் ஓரக்கண்ணால் அவள் வீட்டைத்தான் பார்க்கும். அடுப்பு புகைகிறதா? வாத்துகள் வெளியே திரிகின்றனவா? பௌதி மூட்டை கட்டுகிறாளா?

வைகாசியில் மறுபடியும் புயல் செய்தி வந்தது. காற்று வேறு பக்கம்தான் கரையேறும், ஆனால் அதே நாளில் பௌர்ணமி ஏற்றமும் சேர்கிறது என்றார்கள். அப்பா டிவியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "போய் அவளைக் கூட்டிட்டு வந்துரு. நான் சொன்னேன்னு சொல்லு."

பாலிகஞ்சில் ரயில் ஏறி, கேனிங்கில் இறங்கி, ஆட்டோவில் போய், கடைசிப் படகைப் பிடித்துச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். காலையில் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். காலையில் படகு இல்லை. மழை பக்கவாட்டில் அடித்தது. ஆண்கள் எல்லோரும் கரையில் இருந்தார்கள். ஆறு வளையும் இடத்தில் கரை பலவீனமாக இருந்ததால் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் வயதானவர்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். மாடி வைத்த பள்ளிக்கூடம், கூப்பிடு தூரம். சிலர் போனார்கள். பலர் போகவில்லை.

மாமா சேறும் தண்ணீருமாக உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் குடித்தார். அத்தையிடம் தாழ்ந்த குரலில் வங்காளத்தில் சொன்னார். "நீ இன்னிக்கு சாதாரணமா இரு. நீ கிளம்பினா பொம்பளைங்க எல்லாம் கிளம்புவாங்க. வீட்டுக்காரங்களைத் தேடி ஆம்பளைங்களும் கரையை விட்டுட்டு ஓடி வந்துடுவாங்க. ஆள் இருந்தா கரையைப் பிடிச்சு நிறுத்திடலாம். கார்த்திகையை மறந்துடாதே."

மாமா கெட்டவர் இல்லை. அவரும் பயந்துதான் இருந்தார். அத்தை சரி என்று தலையாட்டினாள்.

தகர அடுப்பை வாசலுக்குத் தெரிகிற மாதிரி திண்டின்மேல் வைத்துப் பற்றவைத்தாள். பெரிய பாத்திரத்தை ஏற்றினாள். எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து கிளறத் தொடங்கினாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பாதையில் போகிற வருகிற பெண்களைப் பார்த்துச் சிரித்தாள்.

சிரித்த முகம் மாறாமல் தமிழில் பேசினாள்.

"ஏட்டி, நான் சொல்லுதத சிரிச்சிக்கிட்டே கேளு. மூஞ்சிய மாத்திராத. எனக்குக் கையும் காலும் நிக்கல. காலைல குளத்துத் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தேன். கரிக்குது. கரைக்கு அடில எங்கயோ ஓட்டை விழுந்துட்டு."

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"சிரிட்டி. சொன்னேன். தெரியுங்காரு. அதத்தான் அடைக்காங்களாம்."

"அப்ப எந்திரிங்க அத்தை, பள்ளிக்கூடத்துக்குப் போவோம்."

"நான் அந்தப் பாதையில கால வச்சா அம்புட்டுப் பேரும் பாப்பாங்க. ஒண்ணும் வராமப் போச்சுன்னா? கரையில ஆள் இல்லாம அது ஒடஞ்சுதுன்னா? அதுவும் என் தலையிலதான விழும்? நான் என்னத்தட்டி செய்ய?"

இதைச் சொல்லும்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் அத்தையும் மருமகளும் ஏதோ வீட்டுக் கதை பேசிச் சிரிக்கிறார்கள் என்றே தோன்றும். அந்த ஊரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. அவளுக்கு வாய்விட்டுப் பயப்பட நான் மட்டும்தான் இருந்தேன். எனக்கும் அவள் பயம் வந்து ஒட்டிக்கொண்டது. கன்னம் வலிக்கிற அளவுக்கு நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை, அவ்வளவு நேரம் சிரித்ததும் இல்லை.

மினோதி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. "பௌதி, என்ன பண்றீங்க?"

"கிச்சுடி வைக்கிறேன். ஆறினதும் வாங்கிட்டுப் போ. மாமியாரம்மாவுக்கும் குடு."

மினோதியின் முகம் இளகியது. "சரி பௌதி" என்று உள்ளே போனாள்.

நான் பாத்திரத்துக்குள் பார்த்தேன். பருப்பே போடவில்லை. வெறும் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. மாட்டுக்கொட்டில் பக்கமிருந்து மெல்லிய ஒரு கோடு, நுரையும் வைக்கோலும் முன்னால் தள்ளிக்கொண்டு, யாரோ ஈரத் துணியால் முற்றத்தைத் துடைத்துக்கொண்டே வருகிற மாதிரி வந்தது. வாத்துகள் சந்தோஷமாக அதில் இறங்கின. அத்தை கரண்டியோடு எழுந்தாள். ஆற்றங்கரைப் பக்கம் சாக்கைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

அத்தை பாதைக்கு ஓடி நடுவில் நின்று கத்தினாள். "ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க! ஓடுங்க!" தமிழில்தான் கத்தினாள். அத்தனை வருடம் பேசிய வங்காளத்தில் ஒரு வார்த்தை அந்த நேரத்தில் அவளுக்கு வரவில்லை. அது எந்த பாஷை என்று யாரும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்கள், ஓடினார்கள். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஆடுகளை இழுத்துக்கொண்டு, மழைக்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினார்கள். நாங்கள் பாதித் தூரம் போவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, படிக்கட்டைப் பிடிக்கும்போது இடுப்புக்கு வந்துவிட்டது.

படியில் நின்று அத்தை திரும்பிப் பார்த்தாள். மினோதி வரவில்லை.

ஹவுராப் படகில் கண்ணைத் திறக்காதவள், நீச்சல் தெரியாதவள், மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கினாள். நான் கத்தினேன். அவள் நிற்கவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நானும் பின்னால் இறங்கினேன். தண்ணீரின் நிறமே மாறியிருந்தது. அடியில் எது எதுவோ காலில் உரசிக்கொண்டு போயின. மினோதியின் வீட்டில் கட்டில் மிதந்துகொண்டிருந்தது. மினோதி மாமியாரின் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். குரல் வரவில்லை. கதவுப் பலகை ஒன்று கழன்று கிடந்தது. அதில் கிழவியைப் போட்டு மூன்று பேரும் தள்ளிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் அத்தை எதையோ முனகிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் வந்தபோதுதான் கேட்டது. "கரை வந்துட்டா? கரை வந்துட்டா?"

கரையில் இருந்த ஆண்கள் உடையாத பகுதியில் ஒதுங்கி நின்று, பிற்பகலில் வாழைமரங்களைத் தெப்பமாகக் கட்டி மிதந்து வந்தார்கள். மாமா வந்தார். எல்லோரும் வந்தார்கள். யாரையும் ஆறு கொண்டுபோகவில்லை என்று பள்ளிக்கூடத்தில் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆனால் கிழவி உப்புத் தண்ணீரை நிறையக் குடித்திருந்தாள். மூச்சு இழுத்தது. நிவாரணப் படகு வருவதற்குள், பெஞ்சைச் சேர்த்துப் போட்ட படுக்கையிலேயே போய்விட்டாள்.

அழுது முடித்த பிறகு மினோதி அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபம் இல்லை. ஏதோ ஒரு கணக்கு புரியாத மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "நீங்க சமைச்சிட்டு இருந்தீங்களே பௌதி. அதனாலதான் நான் அம்மாவைக் கிளப்பல."

அத்தை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தீவை விட்டு வந்துவிடுவாள் என்று நினைத்தோம். அப்பா போய்ப் பார்த்து அழைத்தார். வரவில்லை. வயலெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. குளத்து மீன்கள் செத்து நாறின. அந்த ஆனியில் எங்கள் பரணிலிருந்து டின்களை நானே இறக்கிப் படகில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா கையில் வாங்கி மூடியைத் திறந்து நெல்லைத் தொட்டுப் பார்த்தார். முதல் மழைக்குப் பிறகு உயர்த்திய நிலங்களில் மட்டும் அந்த நெட்டை நெல் கொஞ்சம் பிடித்தது.

நான் அங்கே இருந்த அந்த நாளில்தான் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கரையை எங்கே உயர்த்துவது, எங்கே பின்னால் தள்ளிக் கட்டுவது, யார் நிலம் போகும் என்று ஆண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மினோதி எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"கரையைப் பத்தி நீங்க பேசுங்க. நான் ஒண்ணு சொல்றேன். இனிமே நாம யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். செய்தி வந்ததும் நடக்க முடியாதவங்களை முதல்ல மாடிக்குத் தூக்கணும். அப்புறம் மாடு, ஆடு, விதை. அதுக்கப்புறம்தான் ஆம்பளைங்க கரைக்குப் போகணும். புயல் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. பயமா இருக்கா இல்லையான்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது."

யாரோ ஒருவர், வராவிட்டால் அத்தனை அலைச்சலும் வீண்தானே என்றார்.

"வீணாகட்டும்" என்றாள் மினோதி.

அத்தை கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த பெண் தன் முந்தானையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

அந்த ஐப்பசியில் மறுபடியும் செய்தி வந்தது. நான் பேங்கில் இருந்தேன், வேலை ஓடவில்லை. மாமாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. டிவியில் புயல் வங்கதேசம் பக்கம் போய்விட்டது என்றார்கள். லேக் மார்க்கெட்டில் வெயில் அடித்தது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் கூடியது. கார்த்திகை வெயில் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை வாசற்படியில் எதை வைப்பார்களோ என்றிருந்தது.

மூன்றாம் நாள் அத்தையே கூப்பிட்டாள்.

"எல்லாரும் மாடியிலதான் இருந்தோம். கெழவன் கெழவி அம்புட்டுப் பேரையும் கட்டிலோட தூக்கியாச்சு. மாடு கத்தின கத்துல காது போச்சு. இப்பத்தான் எறங்கி வந்தோம்."

"ஒண்ணும் வரலையே அத்தை. யாரும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலட்டி. மினோதி பொரி கொண்டாந்து குடுத்தா. என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. காத்து எரைச்சப்போ அவ என் கையத் தேடினா. நான் பிடிச்சுக்கிட்டேன்."

போனில் வாத்துகள் கத்துவது கேட்டது. பிறகு அத்தை, எனக்கு ஏதோ நல்ல செய்தி சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

"எல்லாரும் பயந்தாங்கட்டி. நான் நல்லாத் தூங்கிட்டேன்."